உள்ளே வெறுமையாக இருந்த படங்கள்

அப்பாவின் கருமாதி முடிந்த அன்றே மாமா பேச்சை எடுத்துவிட்டார். "தலைத் திவசத்துக்குள்ள இவளுக்கு ஒரு கல்யாணத்த முடிச்சிரணும்."

அம்மா, "அவ வேலைக்குப் போறாள்ல. அது இருக்குற வரைக்கும் அந்தப் பேச்ச விடுங்கண்ணே" என்றாள்.

அந்த வேலை அருப்புக்கோட்டையில். கடல் தண்ணீரில் மிதக்கும் பொடி உயிர்களைப் படம் எடுத்து அனுப்புவார்கள். கம்ப்யூட்டர் அவற்றைத் தானாக இனம் காணப் பழக, ஒவ்வொரு படத்துக்கும் நாங்கள் பெயர் போட வேண்டும்; உயிருள்ளதா இறந்ததா என்றும் குறிக்க வேண்டும். பத்தாவது தவறிய நான் பார்த்துப் பார்த்தே எல்லாப் பெயரையும் மனப்பாடம் செய்தேன். நடுவில் விடை தெரிந்த படங்களையும் கலந்து விடுவார்கள். அதில் அதிகம் தவறினால் சீட் போய்விடும். காலையில் திருச்சுழி பஸ்ஸில் ஏறும்போதே பெயர்களை ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொள்வேன்.

ஒருநாள் சூப்பர்வைசர் அக்கா கூப்பிட்டார். திரையில் கோபிபாட், நீள மீசை வைத்த இறால் குஞ்சு மாதிரி ஒன்று.

"ஏம்மா, செத்ததயெல்லாம் உசுரோட இருக்குன்னு போட்டிருக்க?"

"காலு மீசையெல்லாம் முழுசா இருக்கேக்கா. எங்க ஊருக் கண்மாய் வத்துனா தவளையும் மண்ணுக்குள்ள செத்தாப்லதான் கெடக்கும். மழ பேஞ்சா எந்திரிச்சு வந்துரும்ல?"

பக்கத்து சீட்டுக்காரி சிரித்தாள். "ஏத்தா, அப்ப கடலும் வத்திருச்சா? ஒரு லோடு தண்ணி கொண்டுபோயி ஊத்துவமா?"

அக்கா சிரிக்கவில்லை. "உள்ள எல்லாம் கரைஞ்சு போச்சும்மா. கூடுதான் மெதக்குது. அது இனி வராது. மிச்சத்தயாச்சும் சரியாப் போடு. மறுபடி தப்புனா ஒன் சீட்டுக்காக என்னால மேல பேச முடியாது."

ஐஸ் பெட்டிக்குள் அப்பாவும் முழுசாகத்தான் இருந்தார்.

'இறந்தது' என்பதை அழுத்தினேன். அடுத்ததற்கும் அதையே. ஒன்றில் மட்டும் குடல் கோடு மங்கலாகத் தெரிந்தது. 'உயிருள்ளது' என்று போட்டுவிட்டேன். நப்பாசையில் போட்டேனோ என்று பயம் வந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். குடலேதான்.

சாயங்காலம் அக்கா என் திரையைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு வந்துரு" என்றார்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். "வேல இருக்கும்மா. மாமாட்ட சொல்லிரு."

அம்மா குரலைத் தாழ்த்தினாள். "அவுக நாளைக்கு மாப்ள வீட்டாளுகளக் கூட்டிட்டு வாராகளாம்டி."

"வரட்டும். நான் வீட்ல இருக்க மாட்டேன். வேலைக்குப் போறேன்."