மதகு தாண்டாத ஜீப்

"நான்தான் நீலாம்பா வர்றேன்! ஒத்தையாத்தான் வர்றேன்!"

வாய்க்கால் மதகடியில் நின்று இப்படி ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் நீலாம்பாள், வயல்கூலிகள் குடியிருக்கும் தெருவுக்குப் போகும் வண்டிப்பாதையில் கால் வைக்கிறார். சேற்றுக்குப் பயந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறார். மறு கையில் மருந்துப் பை, கக்கத்தில் ஆண்கள் பிடிக்கிற பெரிய குடை. பாதி தூரத்தில் மறுபடியும் குரல். முதல் குடிசை வாசலில் இன்னொரு முறை. ஏலம் போடுகிறவர்கூட இத்தனை தடவை கத்தமாட்டார்.

குடவாசலுக்குத் தெற்கே ஒரு சுகாதார நிலையத்தில் பிரசவம் பார்க்கும் நர்ஸ் இவர். அங்கே மருந்து எடுத்துக் கொடுப்பது என் வேலை. நாற்பதைத் தாண்டியவர், தனிக்கட்டை. டீயில் சர்க்கரை குறைந்தால் கடைக்காரரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். மற்றபடி சாது.

மதகுக்கு இந்தப் பக்கமே சுகாதார நிலையத்து ஜீப் நின்றுவிடும். டிரைவர் வீரையன் காக்கிச் சட்டையைக் கழற்றிச் சீட்டுக்கு அடியில் திணித்துவிட்டு, பனியனோடு பீடி குடித்துக்கொண்டிருப்பார். இதுவும் நீலாம்பாளின் உத்தரவுதான். "கவர்மெண்டு சட்டையப் போடுங்குது, இந்தம்மா அவுருங்குது. நான் யாரு பேச்சக் கேக்குறது?" என்று அலுத்துக்கொள்வார். கேட்பதென்னவோ நீலாம்பாள் பேச்சைத்தான்.

போன தை அறுவடையில் இந்தத் தெருக்காரர்கள் கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டார்கள். நிலக்காரர்கள் வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். இவர்கள் வயலில் நின்று மறித்தார்கள். அதற்கடுத்து ஒரு நாள், விடிவதற்கு முன்னால், தெருவுக்குள் ஒரு ஜீப் வந்தது. ஆண்களைத் தேடி வந்தவர்கள், அகப்பட்ட பெண்களையும் அடித்துவிட்டுப் போனார்கள். வந்தவர்கள் யார் என்று இன்னும் வழக்கு நடக்கிறது. காக்கி போட்டிருந்தார்கள் என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் சந்தேகம் இல்லை.

அதன் பிறகு சுகாதார ஜீப் தலைகாட்டினாலே தெரு காலியாகிவிடும். எல்லோரும் வயலுக்குள் ஓடி ஒளிந்துகொள்வார்கள். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்குப் பயந்துதான் ஓடுகிறார்கள் என்று டாக்டர் நினைத்தார். மேலிடத்துக்கும் அப்படியே சொல்லிவிட்டார். நீலாம்பாள்தான் போய்க் கேட்டார்: "சார், கெழவிங்க ஓடுது, கொழந்தைங்க ஓடுது, நாயுங்கூட ஓடுது. நாய்க்கு என்ன சார் ஆபரேசன்?" அன்றைக்கு நின்ற ஜீப்தான், மதகைத் தாண்டவில்லை.

குடிசைக்குள் நுழைந்தால் வாசலை மறித்து உட்காரமாட்டார். வெளியே போகிற வழி எதிராளிக்குத் தெரிய வேண்டும் என்பது அவர் கணக்கு. தொடுவதற்கு முன்னால் சொல்லிவிடுவார்: "கைய வயித்துல வைக்கப் போறேன். வேணாம்னா சொல்லு, நாளைக்கி வர்றேன்." அன்று என்ன நடந்தது என்று அவர் ஒருவரையும் கேட்டதில்லை. கேட்காததாலோ என்னவோ, எல்லோரும் அவரிடம்தான் சொல்கிறார்கள். புண்ணுக்குக் கட்டுப் போடும்போது, குழந்தையை எடை பார்க்கும்போது, சம்பந்தமே இல்லாமல் ஆரம்பிப்பார்கள். அவர் 'உம்' கொட்டிக்கொண்டிருப்பார்.

கேட்டதையெல்லாம் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. தூக்கம் போய்விட்டது. "கண்ண மூடுனா போதும், அவுங்க சொன்னது பூரா எனக்கே நடக்குது" என்று ஒரே ஒரு தடவை வீரையனிடம் சொல்லியிருக்கிறார். மற்றவர்கள் கேட்டால், "எனக்கென்ன கேடு? குத்துக்கல்லாட்டம் இருக்கேன்" என்பார்.

ஆவணி மாதம் அந்தக் குத்துக்கல் ஆட்டம் கண்டது. ஒரு தாய்க்குப் போட வேண்டிய ஊசியில் வேறு மருந்தை ஏற்றிவிட்டார். குத்துவதற்கு முன் அவரே கண்டுபிடித்து, ஊசியைக் கீழே வைத்துவிட்டு, நேரே டாக்டரிடம் போய்ச் சொன்னார். டாக்டர் கோபப்படவில்லை. "ஒரு மாசம் லீவு போடுங்கம்மா. இல்லாட்டி நானே உங்களுக்கு மாத்தல் கேட்டு எழுதிடுவேன்" என்றார்.

"நான் போய்ட்டா அந்தத் தெருவுல யாருக்கு சார் கதவத் தொறப்பாங்க? வேம்புக்கு மாசம் நெருங்குது."

வேம்புக்குக் கால் வீக்கம், தலைச்சன் பிரசவம் வேறு. வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடாத கேஸ். அவள் மாமியார் ராசம்மாள் அந்த விடியலில் கை ஒடிந்தவர். நீலாம்பாளைத் தவிர வேறு யார் கூப்பிட்டாலும் மருமகளை அனுப்பமாட்டார். இருந்தால் அடுத்த ஊசி தப்பாகிப் போகலாம், போய்விட்டால் வேம்பு வீட்டிலேயே கிடப்பாள். டாக்டர் சொன்னதும் சரி, இவர் சொன்னதும் சரி. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

நீலாம்பாள் லீவு போடவில்லை. புரட்டாசியில் வேம்பு ஆஸ்பத்திரியில் ஒரு பெண் குழந்தையைப் பெற்றாள். தையல் போட்ட உடம்போடு சேற்றில் நடக்க முடியாது. அதனால் தெருவில் முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொண்டு, நீலாம்பாள் முன்னால் குரல் கொடுத்தபடி நடக்க, ஜீப் ஆமை வேகத்தில் பின்னால் வந்தது. நானும் அதில் இருந்தேன். ஒருவரும் ஓடவில்லை. ஒருவரும் கிட்டே வரவும் இல்லை.

தாயையும் பிள்ளையையும் படுக்க வைத்துவிட்டு நீலாம்பாள் சுவரோரம் சாய்ந்தார். "ராசம்மா, காலையில ஒரு மாத்திர, ராத்திரிக்கு..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. வாய் திறந்தபடியே தூங்கிப்போனார். லேசான குறட்டைகூட வந்தது.

வீரையனுக்கு வேறொரு ஊரில் கேஸ் காத்திருந்தது. எழுப்பப் போனவரை ராசம்மாள் தடுத்துவிட்டார்.

"வேணாம் டைவரய்யா. எத்தினி நாள் தூக்கமோ. பொழுது சாய எங்க ஆளுவளே கொண்டாந்து விட்டுருவாங்க."

சரியென்று வீரையன் போய் ஜீப்பில் ஏறினார். சாவியில் கை வைக்கும்போது ராசம்மாள் வாசலுக்கு ஓடிவந்தார்.

"சத்தம் போடாதீங்க!"

"சத்தம் போடாம ஜீப்பு எப்பிடிம்மா போவும்?"

ராசம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஜீப்புக்குப் பின்னால் போனார். அங்கே போய் அதைத் தொடாமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் அதன் முதுகில் பதித்துத் தள்ள ஆரம்பித்தார்.