ஜீரோவது பந்தி

எண்பதுகளின் நடுவில் பழங்காநத்தத்தில் ஒரு மாடியில் நடந்த கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். செருப்பைப் படியிலேயே கழற்றிவிட்டு, சந்நிதிக்குள் நுழைகிற பவ்யத்தோடு நுழைவோம். ஒரு மெஷினுக்கு இரண்டு பேர். நான் மட்டும் தனி. மற்றவர்கள் ஒருவருக்கொருவர் மாப்ள, எனக்கு மட்டும் அண்ணே. மரியாதை என்று சொல்லிக்கொள்ளலாம், நான் சொல்லிக்கொண்டதில்லை.

அன்றைக்குப் பாடம் பல பரிமாண அர்ரே. ஒரே பெயருக்குள் நிறைய இடங்கள், ஒவ்வொரு இடத்துக்கும் மூன்று எண்கள். யாருக்கும் மண்டையில் ஏறவில்லை. வகுப்பில் ஒருவனுடைய அக்காவுக்குப் பரவையில் கல்யாணம் வைத்திருந்தார்கள். மாஸ்டர் அதையே பிடித்துக்கொண்டார்.

"எத்தனாவது பந்தி, எந்த வரிசை, எந்த இலை. மூணையும் சொன்னா ஆளு சிக்கிருவான். நம்ம வகுப்பு ஆளுகள உக்கார வைங்க பாப்போம்" என்றார்.

எல்லோருக்கும் சட்டென்று புரிந்துவிட்டது. எனக்குப் பந்தியே புதுசு. எழுமலைக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் பெரிய வீட்டுக் கல்யாணம் என்றால், எங்கள் தெருக்காரர்கள், பந்தியெல்லாம் முடிந்தபிறகு, கொல்லைப்பக்கம் போய்ப் பாத்திரத்தில் வாங்கி வருவோம். அப்பாவோடு நானும் நின்றிருக்கிறேன். அதனாலேயே இந்தக் கல்யாணத்தில் இவர்களோடு இலையில் உட்கார வேண்டும் என்று ஒரு வெறி. பத்திரிகை எல்லோருக்கும் வந்துவிட்டது, எனக்கு வரவில்லை. மறந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

இடம் ஒதுக்குகிற டிம் கட்டளையை ஒரு வரி அடித்தால், மெஷினுக்குள் இலைகள் போட்டாயிற்று. ஒன்றுக்குள் ஒன்றாகத் திரும்பத் திரும்பச் சுற்றுகிற மூன்று லூப் எழுதி, ஒன்றிலிருந்து எண்ணி, ஒவ்வொருவராக உட்கார வைத்தேன். கல்யாண வீட்டுக்காரனே வந்து எட்டிப் பார்த்தான்.

"என்னண்ணே, ஒண்ணுலருந்து ஆரம்பிச்சிருக்கீக? மெஷினு ஜீரோலருந்துல்ல எண்ணும். இம்புட்டு எலையப் போட்டுட்டு ஒரு பந்தியவே சும்மா விட்டுட்டீகளே!" என்று சிரித்தான். பிறகு, "ஒங்க பேரக் காணோம்?" என்றான்.

உண்மையாகவே நான் கவனிக்கவில்லை. அடுத்தவன் சாப்பிடுவதை நின்று பார்த்தே வளர்ந்தவனுக்குத் தன் பெயர் எங்கே ஞாபகம் வரும்? "எனக்குப் பத்திரிகை வரலையே தம்பி" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

அவன் காதில் விழாததுபோல் குனிந்து, ஜீரோ, ஜீரோ, ஜீரோ என்று போட்டு என் பெயரை அடித்தான். "இந்தா, மொத எலையே ஒங்களுக்குத்தாண்ணே."

அந்தப் பந்தி முழுக்க நான் ஒருவன்தான். ஆனாலும் சந்தோஷமாக இருந்தது, வெட்கங்கெட்ட சந்தோஷம். நாளைக்குப் பத்திரிகை கொண்டுவருவான் என்று நம்பினேன்.

கொண்டுவரவில்லை. முகூர்த்தத்தன்று வழக்கம்போல் வகுப்புக்குப் போனேன். படியில் ஒரு செருப்புகூட இல்லை. கதவு பூட்டியிருந்தது. மாஸ்டர் உட்பட எல்லோரும் பரவைக்குப் போயிருந்தார்கள். அன்றைக்கு வகுப்பு கிடையாது என்றுகூட என்னிடம் யாரும் சொல்லவில்லை.