கண்ணாடி வைத்த சில்லு

எலக்ட்ரானிக் போர்டுகள் பழுதுபார்க்கும் அந்தக் கடையில் பதினொரு வருடமாகச் சில்லுகள், அதாவது சிப்புகள், இவள் பொறுப்பு. கரண்ட் போனாலும் எழுதியதை மறக்காத சில்லுகளைப் பற்றிக் கேட்டால் மூச்சுவிடாமல் சொல்வாள். ஒருமுறை எழுதினால் மாற்றவே முடியாதது ஒரு ரகம். புற ஊதா ஒளி பட்டால் அழிவது இன்னொரு ரகம். அதற்கென்றே தலையில் சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கும். இப்போது வரும் பிளாஷ் ரகத்தை மின்சாரத்தாலேயே அழித்து எழுதிக்கொள்ளலாம். இத்தனையும் கரைத்துக் குடித்தவள்தான் கோட்டை விட்டாள்.

ஸ்வெட்டர் பின்னும் யூனிட்டிலிருந்து பதினெட்டு வருடப் பழைய போர்டு ஒன்று வந்தது. மெஷினை ஓட்டும் புரோகிராம் அதிலிருந்த கண்ணாடிச் சில்லில். அதன் கண்ணாடியில் ஒளி படாமல் மறைத்து எண்ணெய்ப் பிசுக்கேறிய ஸ்டிக்கர். சுத்தம் பார்ப்பதில் பைத்தியம் ஆயிற்றே, உரித்துப் போட்டு, துடைத்து, திறந்த ஜன்னலோரம் வைத்தாள். நகலைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தாள். அதற்குள் தங்கைக்குப் பிரசவவலி என்று போன் வர, ஓடியவள் பத்து நாள் கழித்துத்தான் திரும்பினாள். அத்தனை நாளும் வெயில் நேராக அந்தக் கண்ணாடியில். வெயிலிலும் புற ஊதா உண்டு. சில்லைப் படித்துப் பார்த்தால் துடைத்துவிட்டாற்போல் காலி.

யூனிட்டின் மேற்பார்வை அம்மா வந்து நின்றார். "என்னம்மா ஆச்சு?"

"வயசாயிடுச்சுக்கா. தானா அழிஞ்சிருக்கு."

பொய் வாய் கூசாமல் வந்துவிட்டது. பழைய சில்லுகள் அப்படி அழிவதும் உண்டு, யாரும் கண்டுபிடிக்க முடியாது.

அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப இன்னொரு மெஷினும் இப்படித்தான் போகும். அதுக்கும் இதே வயசு. ரெண்டையும் பழைய இரும்புக்குப் போட்டுட்டு மூடிடலாம்னு முதலாளி சொல்லிட்டே இருக்காரு. ஒன்பது பொம்பளைங்கம்மா நாங்க."

இவளுக்குத் தன் வேலை போனால் போகட்டும் என்று தோன்றியது.

"அக்கா, தானா அழியல. நான்தான் ஸ்டிக்கரை உரிச்சு வெயில்ல வச்சேன். அந்த இன்னொரு மெஷினோட சில்லைக் கொண்டாங்க, அதைப் பார்த்து எழுதிடலாம்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மறுநாள் காலை சில்லைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தார். "உன் கைல குடுக்கவே பயமா இருக்கு. ஆனா உன்னை விட்டா யாரு இருக்கா? நான் பக்கத்துலயே நிப்பேன்."

அதன் ஸ்டிக்கர் பத்திரமாக ஒட்டித்தான் இருந்தது. இருந்தும் அந்த அம்மா கட்டைவிரலை அதன் மேல் அழுத்தியபடியே நின்றார். நகல் காலிச் சில்லில் பிசகில்லாமல் ஏறிவிட்டது. அப்புறமும் விரல் அங்கேயேதான் இருந்தது.