நாற்பது கிலோ தாங்கும் நூல்

தூண்டில் நரம்பை ஒரு முழம் இழுத்துக் கீழுதட்டில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு மெல்ல உருவுகிறார். விரலுக்குத் தட்டுப்படாத கீறல்கூட உதட்டுக்குத் தெரிந்துவிடுமாம். “ம்ஹூம், இது வெயில்ல காஞ்சது. நாலு மீன் தாங்காது” என்று சுருளைக் குப்பைக்கூடையில் எறிகிறார். வாங்க வந்தவர் வாயைப் பிளக்கிறார். தன் சரக்கைத் தானே குறை சொல்லும் கடைக்காரியை அவர் எங்கே பார்த்திருக்கப் போகிறார்?

ஏரிக்கரைச் சாலையில் இருக்கும் ஒரே தூண்டில் சாமான் கடை அது. தூண்டில் கயிற்றை இங்கே நரம்பு என்பார்கள். அதனால் அவரும் நரம்பக்கா ஆகிவிட்டார். கழுத்தில் எப்போதும் ஒரு சின்னக் கத்தரிக்கோல் தொங்கும்.

“என்ன மீன்? தண்ணி தெளிவா, கலங்கலா? அடியில பாசியா, பாறையா?” பதில் சொல்லாமல் எதையும் வாங்க முடியாது. தெளிந்த நீரில் கெண்டைக்கு என்றால் மெல்லிய நைலான். “கெண்டைக்கு வாய் பூ மாதிரி. நைலான் கொஞ்சம் இழுபடும், வாய் கிழியாது.” பாசிக்குள் பதுங்கும் விராலுக்குப் பின்னல் நரம்பு. பார்க்கத் தையல் நூல் மாதிரி இருக்கும். “பாசிய அறுத்துக்கிட்டு வந்துரும்.” பாறை இருக்கிறது என்றால் அதைத் தொடவிடமாட்டார், கல்லில் ஒரு தேய்ப்பு போதும், மீனும் போச்சு, முள்ளும் போச்சு. எல்லா மீனுக்கும் ஒரே நரம்பு போதாதா என்று ஒருவர் சலித்துக்கொண்டார். “உங்க வீட்ல எல்லாருக்கும் ஒரே செருப்பா வாங்குவீங்க?”

அவருடைய கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறார். பெரிய கெளுத்தி ஒன்றைப் பிடித்துவிட வேண்டும் என்று பல வருட ஆசை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, “நீயே எடுத்துக் குடு, உன் கை ராசி” என்று நின்றார். அக்கா இருப்பதிலேயே பலமான பின்னல் நரம்பை எடுத்துக் கொடுத்தார். “நாப்பது கிலோ தாங்கும், போங்க.”

ஏரிக்கரையில் அக்காவின் கணவருக்குப் பத்தடி தள்ளி நானும் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தேன். அவர் இழுத்தால் நரம்பு வரவில்லை. முள் அடியில் ஏதோ கட்டையில் மாட்டிக்கொண்டது என்று நினைத்தார். கழியைக் கீழே வைத்துவிட்டு, நரம்பை இடது கைவிரல்களில் மூன்று சுற்றுச் சுற்றி இழுத்தார்.

கட்டை நகர்ந்தது.

அவர் அலறவில்லை. “இங்க பாருங்க சார்” என்று கையை என் பக்கம் நீட்டினார், யாருடைய கையையோ காட்டுவதுபோல். சுண்டுவிரலின் நுனிக் கணு இல்லை. மோதிர விரலில் நரம்பு இன்னும் இறுகிக்கொண்டிருந்தது. கடைப் பக்கம் திரும்பிக் கத்தினேன்.

சாலைக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா செருப்பில்லாமல் ஓடிவந்தார். கழுத்துக் கத்தரியால் ஒரே வெட்டு. நரம்பு தண்ணீருக்குள் ஓடி மறைந்தது. துண்டைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். நான் போய் வண்டியைக் கொண்டுவந்து பார்த்தால், அக்கா முழங்கால் தண்ணீரில் குனிந்து சேற்றைத் துழாவிக்கொண்டிருக்கிறார்.

“அக்கா, வாங்க!”

“இருங்க சார், இங்கதான் எங்கயோ கெடக்கு…”

கணவர்தான் கரையிலிருந்து கூப்பிட்டார். “ஏய், மேல வா. அது போனா போகட்டும். நான் இருக்கேன்ல?”

மோதிர விரல் தப்பியது. ஆஸ்பத்திரி வராந்தாவில், காய்ந்த சேற்றோடு உட்கார்ந்திருந்த அக்கா சொன்னார்: “தாங்கும்னு சொன்னேன் சார். பாசிய அறுக்கும்னு ஊருக்கெல்லாம் சொல்றவ, அவர்கிட்ட மட்டும் அறுக்கும்னு சொல்லலியே.”

ஒன்பது நாள் கடை திறக்கவில்லை. கணவர் இரண்டு மாதத்தில் வேனுக்குத் திரும்பிவிட்டார். விரல் எங்கே என்று கேட்கும் பிள்ளைகளிடம், “மீன்கூடச் சண்டை. சுண்டுவிரலக் காட்டிக் கா விட்டேன், அது விரலையே புடுங்கிட்டுப் போயிடுச்சு” என்கிறாராம். வீட்டில் இந்தப் பேச்சை எடுப்பதில்லை.

போன வாரம் ஒருவர் வந்து அதே பின்னல் நரம்பைக் கேட்டார். மதியச் சாப்பாட்டுக்கு வெள்ளரிக்காயை நறுக்க எடுத்த அக்கா நிமிர்ந்தார்.

“அடியில மாட்டிக்கிச்சுன்னா எதால இழுப்பீங்க?”

“கையாலதான். வேற எதால?”

அக்கா அந்த நரம்பில் ஒரு முழம் வெட்டி, வெள்ளரிக்காயில் மூன்று சுற்றுச் சுற்றி, இரண்டு முனையையும் பிடித்து வெடுக்கென இழுத்தார். சத்தமே இல்லை. ஒரு துண்டு கிடந்த இடத்திலேயே கிடந்தது. இன்னொன்று மேஜையில் உருண்டு விளிம்புக்குப் போனது. விழுவதற்குள் பாய்ந்து, அதை உள்ளங்கையில் பொத்திப் பிடித்துக்கொண்டார்.