கீரப்பாளையத்துத் தூக்கு

இருப்பிலுள்ள பொருட்களை ஆண்டுக்கு ஒருமுறை நேரில் சரிபார்க்க வேண்டும். சரிபார்ப்பவர் அவற்றைப் பொறுப்பில் வைத்திருப்பவராக இருக்கக் கூடாது. அலுவலக மேசை நாற்காலிகளுக்கு நான் ஆயுள் முழுக்க அமல்படுத்திய இந்த விதி, என் வீட்டுப் பாத்திரங்களுக்கு ஒருநாளும் பின்பற்றப்படவில்லை. பாத்திரங்கள் மனைவியின் பொறுப்பு. ஆகவே சரிபார்க்கத் தகுதியுள்ள ஒரே ஆள் நான். ஓய்வுபெற்ற பின், மஞ்சக்குப்பம் மைதானத்தை நான்கு சுற்று சுற்றிவிட்டால் அன்றைய அலுவல் முடிந்துவிடுகிறது. அப்படி ஓர் ஆடி மாதக் காலையில், நோட்டும் ஏணியுமாகப் பரணை அணுகினேன்.

ஒரு குடும்பத்தைப் பற்றி அறியப் பரணைப் பார்த்தால் போதும். மூன்று குக்கர்கள், மூன்றுக்கும் சேர்த்து ஒரே மூடி: எதையும் எறிய மனம் வராதவர்கள். பிரிக்காத சுவர்க் கடிகாரங்கள் நான்கு: அடுத்த கிரகப்பிரவேசத்துக்குத் தயாராக இருப்பவர்கள். பாத்திரங்கள் அனைத்திலும் என் தலைப்பெழுத்து வெட்டியிருந்தது, ஒன்றைத் தவிர. அந்தப் பெரிய எவர்சில்வர் தூக்கில் யாரோ ஒருவருடைய பெயரும், கீழே கீரப்பாளையம் என்றும் இருந்தது.

மனைவி வாங்கிப் பார்த்தாள். “இது நம்புளுது இல்ல. என் தூக்கு எங்க?”

விசாரணை நீளவில்லை. சித்திரையில் சிதம்பரத்தில் அவள் தம்பி மகளுக்கு நிச்சயதார்த்தம். அதிரசம் கொண்டுபோன தூக்கிலேயே மீந்த சாம்பாரை வாங்கி வைத்தோம். மண்டபத்துச் சமையற்கட்டில் வரிசையாக இருந்த தூக்குகளில் ஒன்றை எடுத்து வந்தவன் நான். கழுவிப் பரணில் ஏற்றியவனும் நான். இந்த விவரத்தை நோட்டில் எழுதத் தேவையில்லை என்று நான் கருதினேன். மனைவி அப்படிக் கருதவில்லை.

மச்சானுக்குப் போன் போட்டேன். பெயரைச் சொன்னதும் பதறினான்.

“அய்யோ மாமா, அவுரு மாப்ள சைடுல பெரிய மனுஷரு. தையில கல்யாணம். இப்பப் போயி எங்க தூக்க எடுத்துட்டீங்களான்னு கேட்டா நல்லாவா இருக்கும்?”

“அவுங்க எடுக்கல மச்சான். நான்தான் அவுங்களுத எடுத்துட்டேன்.”

“அது இன்னும் மோசம் மாமா. சும்மா இருங்க. அக்காவுக்கு வேற தூக்கு நான் வாங்கித் தர்றேன்.”

மனைவி போனைப் பிடுங்கினாள். “வாங்கித் தருவ. யாரு பேரு வெட்டித் தருவ? இந்த வூட்ல கரண்டியில கூட அவுரு எழுத்துதான்டா. அம்மா குடுத்த அது ஒண்ணுலதான் அப்பா எழுத்தோட என் பேரு இருந்தது.”

பக்கத்திலிருந்த கரண்டியைத் திருப்பிப் பார்த்தேன். உண்மைதான்.

மச்சான் அரை மனதோடு முகவரி கொடுத்தான். புகார்போல் தோன்றாத கடிதம் எழுதுவது என் தொழில். ‘தங்களுடையதாகக் கருதப்படும் தூக்கு ஒன்று, எவ்வித உள்நோக்கமுமின்றி எங்கள் பொறுப்பில் இருந்து வருகிறது’ என்று தொடங்கினேன். அடையாளங்களும் குறித்தேன். அடியில் நகப்பூச்சுப் பொட்டு இருந்ததால் அடிக்கடி வெளியே போய்வரும் பாத்திரம், உள்ளே பால் தீய்ந்த தழும்பு இருந்ததால் பேச்சு ஜாஸ்தியான வீடு என்று சேர்த்தேன். மனைவி கடைசி இரண்டையும் அடித்தாள்.

“இவ்ளோ கண்டுபுடிக்கிறவரு, கையில இருக்கறது யாரு தூக்குன்னு பாத்திருக்கலாம்.”

எங்கள் தூக்கின் அடையாளமாக அவள் பெயரை, அவள் அப்பா எழுத்தோடு, எழுதி அனுப்பினேன். பதில் இல்லை. முறைப்படி முதல் நினைவூட்டு அனுப்பினேன், பிறகு இரண்டாவது. மச்சான் போனை எடுப்பதை நிறுத்திவிட்டான். புரட்டாசி முழுக்க மனைவி என்னோடு பேசியது, காய்கறிப் பட்டியல் அளவுக்குத்தான்.

கடைசியில் ஒரு கனத்த உறை வந்தது. பிரிக்கப் போனேன். மனைவி என் கையைத் தட்டினாள். முகவரியில் இருந்தது அவள் பெயர், அவள் அப்பா எழுத்தோடு. எழுதியிருந்தது அந்த வீட்டு அம்மாள். மனைவி சத்தமாகப் படித்தாள்.

‘உங்கள் தூக்கு எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. மூடியைக் கோப்பு கட்டும் டேக்கால் கட்டி, கசியாமல் இருக்க அரசுச் சுற்றறிக்கை ஒன்றை மடித்து வைத்திருந்ததால் ஆபீஸ்காரர் வீட்டுப் பாத்திரம் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. அந்தப் பெயரில் யார் என்று கேட்டோம். உங்கள் சொந்தக்காரர்களுக்கே தெரியவில்லை. சார் வீட்டு அம்மா என்றுதான் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. சாரின் கடிதங்களை என் வீட்டுக்காரர் வக்கீலிடம் காட்டப் போய்விட்டார். கடிதங்கள் அங்கிருந்து திரும்பி வரத்தான் இத்தனை நாள். நீங்களே வந்து வாங்கிக்கொள்ளுங்கள். பார்க்க வேண்டும்.’

மனைவி இரண்டாம் முறை படித்தாள், இம்முறை சத்தமில்லாமல். ‘பெறப்பட்டது’ என்று எழுத வழக்கம்போல் பேனாவை எடுத்தேன்.

“குடுங்க இப்படி. இது எனக்கு வந்த லெட்டரு.”

பேனாவை வாங்கி, உறையின் மேல் தன் பெயரை எழுதி, கீழே அன்றைய தேதியையும் அவளே போட்டாள்: கார்த்திகை முதல் திங்கட்கிழமை.