மாட்டிப் பார்த்துட்டேன்

எங்கள் வட்டாரத்தில் அவருக்குப் பீரங்கி அக்கா என்று பெயர். கால்பந்துப் போட்டிகளில் கோல் கம்பத்துக்குப் பின்னால் படமெடுப்பவர்கள் நாங்கள் வரிசையாக உட்கார்ந்திருப்போம். அதில் கைக்குழந்தையைத் தூக்குவதுபோல அவ்வளவு பெரிய லென்ஸைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் அவர் ஒருவர்தான். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். குறுக்கே வந்து நின்ற நடுவரையே, "தள்ளுங்க சார், உங்க முதுகை யாரு பேப்பர்ல பாக்கப் போறாங்க?" என்று அதட்டியவர்.

அந்த லென்ஸ் கேமராவைவிடப் பல மடங்கு கனம். அதன் அடியில் ஒரு கால் இருக்கும். தூக்குவதானாலும் ஸ்டாண்டில் பொருத்துவதானாலும் அந்தக் காலைத்தான் பிடிக்க வேண்டும். கேமராவைப் பிடித்தால் மொத்த கனமும் இரண்டையும் இணைக்கிற வளையத்தில் தொங்கும். வளையம் நெளிந்தால் கதை கந்தல். இந்த விஷயத்தில் அக்கா யாருக்கும் சலுகை தரமாட்டார். ஒருமுறை நான் உதவி செய்கிறேன் பேர்வழி என்று கேமராவில் கை வைத்ததற்கு, அன்று முழுக்கக் காய்ச்சி எடுத்துவிட்டார்.

ஓர் ஆண்டு, போட்டிப் பருவத்தின் தொடக்கத்திலேயே, அக்காவின் கேமராத் திரையில் ஓர் எச்சரிக்கை வர ஆரம்பித்தது: லென்ஸுடன் இணைப்பு இல்லை. அணைத்துப் போட்டால் சரியாகும். சட்டென்று திருப்பினால் மறுபடி படுத்துக்கொள்ளும். அக்கா வளையத்தை ஒட்டியிருக்கும் தங்க நிற முனைகளைப் பஞ்சால் துடைத்தார், பேட்டரியை மாற்றினார், மென்பொருளைப் புதுப்பித்தார். எதுவும் உதவவில்லை. மிச்சமிருந்தது ஒரே சோதனை. லென்ஸைக் கழற்றி வேறொரு கேமராவில் மாட்டிப் பார்க்க வேண்டும். அங்கேயும் மக்கர் செய்தால் கோளாறு லென்ஸில், செய்யாவிட்டால் கேமராவில்.

அக்காவின் கணவர் கல்யாணங்களுக்குப் படமெடுப்பவர். அதே வகைக் கேமரா அவரிடமும் இருந்தது. நான் அவரை அத்தான் என்று கூப்பிடுவேன். அதிர்ந்து பேசாத மனிதர்.

"நீ போய்க் குளிச்சிட்டு வா, நான் பாத்து வைக்கிறேன்" என்றார். அக்கா தலை துவட்டிக்கொண்டு வந்தபோது, "மாட்டிப் பாத்துட்டேம்மா. என் கேமராவுல ஜம்முன்னு ஓடுது" என்றார்.

அக்கா தன் கேமராவை சர்வீஸுக்குக் கொடுத்தார். ஒரு குறையும் இல்லை என்று திரும்பி வந்தது. லென்ஸும் நல்லது, கேமராவும் நல்லது என்றால் பிறகு யார்தான் கெட்டது? அதையும் அத்தானே பக்குவமாக எடுத்துச் சொன்னார்.

"தப்பா நினைச்சுக்காதே. வயசாகுதில்ல? கனம் தாங்காம உன் மணிக்கட்டு ஆடுதோ என்னவோ. மாட்டும்போது முழுசாத் திருக முடியலையோ."

ஊரில் ஒருவரையும் எளிதில் நம்பாத அக்கா இதை நம்பினார். மணிக்கட்டுக்கு உறை போட்டுக்கொண்டார். பலம் வர ரப்பர் பந்தைப் பிசைந்தார். மாலையில் அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து தைலம் தேய்த்துவிடுவார். "இப்படி ஒரு மனுஷன் கிடைக்கணும்டி" என்று அக்கா எங்களிடம் பீற்றிக்கொள்வார். நான்கூட அதைச் சொல்லி என் வீட்டுக்காரரைக் குத்திக்காட்டியிருக்கிறேன். அவரிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அக்காவுக்கு அந்த ஆண்டு ஒரு விளையாட்டுப் பத்திரிகையில் நிரந்தர வேலை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இறுதிப் போட்டியின் படங்களைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக ஆசிரியர் சொல்லியிருந்தார். ஆட்டம் முடியப்போகும் நேரம். பக்கவாட்டிலிருந்து வந்த பந்தை ஒருவன் அந்தரத்தில் மல்லாந்து உதைத்தான், எங்கள் கண்ணுக்கு நேரே. எல்லோருக்கும் முன்பு அக்காதான் அந்தப் பக்கம் திரும்பினார். திரையில் எச்சரிக்கை. கோல் விழுந்து, அரங்கமே எழுந்து கத்தி, அவன் சட்டையைக் கழற்றிக்கொண்டு ஓடி முடித்த பிறகுதான் கேமராவுக்கு உயிர் வந்தது.

"என் கை போச்சுடி" என்றார் அக்கா. யாரையும் திட்டவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

"இங்க குடுங்க" என்று லென்ஸைப் பிடுங்கி என் கேமராவில் மாட்டினேன். 'டக்' என்று பூட்டு விழும்வரை திருகினேன். காலைப் பிடித்துத் தூக்கி வேகமாகத் திருப்பினேன். அதே எச்சரிக்கை. மறுபடி செய்தேன். மறுபடியும் அதே.

"உங்க கை இல்லக்கா. லென்ஸுதான்."

"அவர் மாட்டிப் பாத்தாரே" என்றார் அக்கா. பிறகு, வெறும் புல்தரையைப் பார்த்துக்கொண்டு, "மாட்டிப் பாத்தேன்னாரே" என்றார்.

மறுநாள் லென்ஸ் பழுது பார்ப்பவர் திருகுகளைக் கழற்றும்போதே உதட்டைப் பிதுக்கினார். வளையம் நெளிந்திருந்தது. யாரோ ஏற்கெனவே திறந்து, தட்டி நிமிர்த்தி, பொருந்தாத திருகு ஒன்றைப் போட்டு மூடியிருந்தார்கள். "லென்ஸோட காலை விட்டுட்டு கேமராவை ஸ்டாண்டுல மாட்டியிருக்காங்கம்மா. மொத்த வெயிட்டும் இதுலதான் தொங்கியிருக்கு."

அக்கா வீட்டில் ஸ்டாண்ட் வைத்து வேலை செய்கிறவர் இன்னொருவர்தான்.

அக்கா நேரே வீட்டுக்குக் கிளம்பினார், நானும் கூடவே போனேன். அத்தான் மறுக்கக்கூட இல்லை. "ஒரு கல்யாணத்துக்கு எடுத்துட்டுப் போனேன். பெரிய லென்ஸைப் பாத்தா நம்மள மதிப்பாங்கன்னு... அவசரத்துல கேமராவையே ஸ்டாண்டுல மாட்டிட்டேன். சொன்னா நீ கத்துவேன்னுதான்..."

"கத்தியிருப்பேன். சாப்பாட்டு நேரத்துக்குள்ள அடங்கியும் இருப்பேன். என் கையை நானே சந்தேகப்பட வெச்சுட்டீங்களே. இல்லாத வலிக்குப் பக்கத்துல உக்காந்து தைலம் தேச்சீங்களே, எப்படிங்க மனசு வந்துச்சு?"

 

பத்திரிகை வேலை வேறொருவருக்குப் போனது. வளையம் மாற்றிய பிறகு லென்ஸ் ஒருமுறைகூடத் தகராறு செய்யவில்லை. அக்கா அத்தானைவிட்டுப் போகவும் இல்லை. சிரித்துப் பேசுகிறார்கள், சேர்ந்தே சாப்பிடுகிறார்கள். அக்காவுக்குப் பெரிய மனசு என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் மூவருமாக வெளியே கிளம்பினோம். அத்தான் கதவைச் சாத்தி, "பூட்டிட்டேன், போலாம்" என்று சாவியைச் சட்டைப்பையில் போட்டார். பாதிப் படி இறங்கியிருந்த அக்கா நின்றார். மேலே ஏறிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தார். இன்னொரு முறையும் இழுத்தார். அத்தான் சுவரோரமாக ஒதுங்கி வழிவிட்டு நின்றார். அவருக்கு இது பழகிப்போயிருந்தது.

"பூட்டித்தான் இருக்கு" என்றார் அக்கா, என்னிடம்.