கடல் ஏறும் நேரத்தில் ஓடிய மோட்டார்

தெருவில் அவளுக்கு மோட்டாரக்கா என்றுதான் பேர். ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே, ஊருக்குக் குடிதண்ணீர் ஏற்றும் நிலையத்தில் வேலை. குழாயில் தண்ணீர் வந்தால் அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடுவார்கள். வராவிட்டால் கதவைத் தட்டுவார்கள். "ரெண்டு வார்த்தை நல்லதாச் சொன்னாப் போதும், உருகிடுவா" என்று புருஷன் கேலி செய்வான்.

மழை பொய்த்த இரண்டாவது வருஷம் அது. ஆற்றின் மேல்பக்கம் அணை இருக்கும் ஊர்க்காரர்கள், இருந்த கொஞ்சத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். கடலோ வருஷத்துக்கு வருஷம் உயர்ந்துகொண்டே வந்தது. அதைத் தள்ளி நிறுத்த ஆற்றில் வேகம் இல்லை. உப்புத் தண்ணீர் நிலையம் வரைக்கும் வந்துவிட்டது. கடல் வடியும் நேரத்தில் மட்டும்தான் மோட்டாரைப் போட வேண்டும், ஏற ஆரம்பித்ததும் நிறுத்திவிட வேண்டும் என்று இன்ஜினியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அன்றைக்கு அவள் வேலைக்குக் கிளம்பும்போது தெருவே வாசலில் நின்றது.

"அக்கா, இன்னைக்காவது தொட்டியை நெரப்பிடுங்க. குழந்தைங்க குளிச்சு எத்தனை நாளாச்சு!"

"நெரப்பிட்டாப் போச்சு" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

கடல் ஏற ஆரம்பித்த பிறகும் நிறுத்த மனசு வரவில்லை. கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று ஓடவிட்டாள். உப்பைக் காட்டும் முள் ஏறுவதைப் பார்த்தும் பார்க்காததுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் ஊர் முழுக்க டீ கரித்தது. "சர்க்கரைன்னு உப்பைப் போட்டுட்டியான்னு பொண்டாட்டிய வேற திட்டித் தொலைச்சிட்டேன்" என்றார் டீக்கடைக்காரர். "எல்லாம் மேல இருக்கிறவனுங்க பண்ற வேலை. தண்ணிய அமுக்கிட்டானுங்க, கடல் உள்ள வந்துடுச்சு."

"ஆமா" என்று அவளும் தலையாட்டினாள்.

தொட்டியைக் காலி செய்து கழுவி முடிக்கும்வரை மேலே, அணை ஊரிலிருந்து லாரியில் தண்ணீர் அனுப்பினார்கள். முதல் லாரி தெருவுக்குள் நுழைந்ததுமே கல் பறந்தது. கண்ணாடி நொறுங்கி டிரைவரின் புருவத்தைக் கிழித்தது. அவள்தான் ஓடிப்போய் அந்தப் பெரியவரை வீட்டுக்குக் கூட்டி வந்தாள். காயத்தைக் கழுவக் குடத்துத் தண்ணீரை எடுத்தாள். அதுவும் கரிக்கும் தண்ணீர்தானே! பட்டதும் அவர் பல்லைக் கடித்தார்.

"உங்க ஊர்ல தண்ணி இருக்காண்ணே?"

"இருந்தா நான் ஏம்மா இப்படிக் குளிக்காம வர்றேன்? நாத்தம் தாங்கலையா?" என்று சிரித்தார்.

அவளால் சிரிக்க முடியவில்லை. மோட்டாரை ஓடவிட்டது தான்தான் என்று சொல்லிவிட்டாள். அவர் சிரிப்பு நின்றது. "என்கிட்டச் சொல்லி என்னம்மா ஆகப்போகுது?" என்றபடி எழுந்துகொண்டார்.

வெளியே போய்த் தெரு நடுவில் நின்று எல்லார் முன்னாலும் சொன்னாள். யாராவது ஏசுவார்கள் என்று காத்திருந்தாள்.

"விடுங்கக்கா, எங்களுக்காகத்தானே பண்ணீங்க" என்றார் டீக்கடைக்காரர். "அவனுங்க ஒழுங்கா விட்டிருந்தா இந்த வம்பே வந்திருக்காது."

இன்ஜினியரிடமும் போய்ச் சொன்னாள். அவர் அவளை மோட்டார் அறைக்கு வரக்கூடாது என்று சொல்லி, ஆபீசில் உட்காரவைத்தார். தெரு அவளுக்காகத் திரண்டுபோய் அவருடன் சண்டை போட்டது. அவள் கூனிக் குறுகி, எங்கே முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நின்றாள்.

அடுத்த லாரி வந்த அன்று ஊர் எல்லையிலேயே அதை நிறுத்தி, முன்பக்கம் ஏறி உட்கார்ந்துகொண்டாள். யாரும் கல்லெடுக்கவில்லை. ஓட்டி வந்தவன் புது ஆள்.

"முன்னாடி வந்த அண்ணன் எங்கப்பா?"

"புருவத்துல தையல் போட்டிருக்காரு. இந்தப் பக்கம் இனிமே வரவே மாட்டேன்னுட்டாரு" என்றான் அவன், ரோட்டைப் பார்த்தபடியே.